மக்காச்சோளத்துக்கு ஒரே வித்து போதுமா?

கடன் பேரேட்டைப் பார்ப்பவர்களுக்கு வயல் தெரியாது என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் குறித்துக் கூறுவதுண்டு. அது முற்றிலும் பொய்யன்று. ஆயினும், பெரம்பலூர்ப் பக்கத்துச் சங்கமொன்றின் தவணை தவறிய கடன்களை வரிசையாகப் படித்துச் சென்றபோது பேரேடே நமக்கு வயலைக் காட்டிற்று. சங்கத்தின் மூலம் வாங்கிய ஒரே வீரிய ஒட்டு வித்தை ஒரே வாரத்தில் விதைத்தவர்களில் பெரும்பாலோர் நிலுவையில் நின்றனர். வேறிடத்தில் குறுகிய வயதுடைய வித்தை வாங்கி விதைத்த சிலர் தவணைக்குள் கட்டியிருந்தனர். தவணைக்குள் கட்டியவருக்குப் பயிர்க் கடனில் வட்டியில்லை; தவறியவருக்கு அச்சலுகை போயிற்று. மகசூல் குறைந்தவர் தலையில் வட்டியும் ஏறிற்று.

அவ்வித்தை மொத்தமாக வாங்கியதால் விலையில் சலுகை கிடைத்ததென்று முந்திய ஆய்வுக் குறிப்பில் சங்கத்தைப் பாராட்டி எழுதியவர்களும் நாமே. ஆகவே இக்கட்டுரையைப் பிறர்மீது குறை கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா.

வித்தில் பழுதில்லை. நல்ல மழையுள்ள ஆண்டில் அதுவே மற்றவற்றை விஞ்சக்கூடும். குறை நேர்ந்தது காலத்தில். கரிசல் காட்டில் புரட்டாசி மழையில் விதைத்த பயிர் ஏறக்குறைய ஐம்பத்தைந்து அறுபது நாளில் பூக்கிறது. அவ்வாண்டு மழை ஓய்ந்திருந்த நாட்களும் அந்தப் பூக்கும் நாட்களும் ஒன்றாயின. குறுகிய வயதுப் பயிர் அதற்குள் மணி கட்டிவிட்டது.

ஏன் அந்தச் சில நாட்களுக்கு இத்தனை வலிமை? நெல்லிலும் சோளத்திலும் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் உள்ளன. மக்காச்சோளத்திலோ ஆண்பூ உச்சிக் கொண்டையிலும், பெண்கதிர் தண்டின் நடுவிலும் இருக்கின்றன. கதிர் நுனியில் தொங்கும் மயிரிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத இழையின் இடத்தில் மணி இல்லை. (நெசவாளச் சகோதரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா, பாவில் இழை அறுந்த இடம் துணியில் தெரிவதைப் போன்றதே இது.) மண்ணில் ஈரம் வற்றினால் கொண்டை ஏறக்குறையத் தன் நாளிலேயே வெளிவந்து மகரந்தத்தைக் கொட்டிவிடுகிறது. இழையோ நீரால் நீளுவது. நீரின்றேல் அது தாமதிக்கிறது. இழை வெளிவரும்போது மகரந்தம் தீர்ந்திருந்தால் கதிர் பொக்கையாகிறது. செடி பசுமையாக நிற்கும். தோகையை உரித்துப் பார்த்தால்தான் நட்டம் தெரியும். நெருக்கி விதைத்த வயலில் இத்தாமதம் இன்னும் கூடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்காவில் ராபின்ஸ், டொமிங்கோ என்னும் இருவர் 1953இல் வெளியிட்ட சோதனை இங்கு நினைக்கத்தக்கது. பூக்கும் தறுவாயில் ஓரிரு நாள் பயிர் வாடும் அளவுக்கு மண் காய்ந்தபோது மகசூல் 22 சதவிகிதம் வரை குறைந்தது. ஆறு முதல் எட்டு நாள் காய்ந்தபோது ஏறக்குறையப் பாதி போயிற்று. முழங்கால் உயரப் பயிர் அதே அளவு வாடினாலும் பின்மழையில் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். பூத்த பயிருக்குப் பின்மழையால் பயனில்லை.

வெயில் வேறொரு பகை. தைப் பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் விதைத்தது பங்குனியில் பூக்கும்போது நீர் இருந்தும் மணி குறைவதுண்டு. மிகுந்த வெப்பமும் வறண்ட காற்றும் மகரந்தத்தின் உயிரைக் கெடுக்கின்றன. ஆப்பிரிக்காவில் நடந்த 20,000க்கு மேற்பட்ட வயற் சோதனைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவு ஒன்றுண்டு. 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தை ஒரு நாளுக்கு ஒரு டிகிரி என்று கணக்கிட்டுக் கூட்டினால், அவ்வாறு கூடும் ஒவ்வோர் அலகுக்கும், மழை போதிய இடத்தில் மகசூல் 1 சதவிகிதமும் வறட்சியில் 1.7 சதவிகிதமும் குறைந்ததாம்.

ஐப்பசி அடைமழை இதற்கு நேர்மாறு. ஐந்தாறு இலை விடும் வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது. இட்ட தழைச்சத்தும் வாயுவாகிப் போய்விடுகிறது. வடிகால் வெட்டாத கரிசலில் எந்த வித்தும் இதைத் தாங்கி நன்கு விளைந்ததை நாம் கண்டதில்லை.

வறட்சியைத் தாங்கும் வித்தே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மெக்சிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் தொடங்கி, மழையில்லாக் காலத்தில் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். கொண்டைக்கும் இழைக்கும் இடைப்பட்ட நாட்கள் குறைந்த செடிகளே வறட்சியிலும் கதிர் பிடித்தன. நம் மாநிலத்திலும் வாகரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வித்து வாங்குமுன் சங்கத்தார் அங்கே கேட்க வேண்டியது, "எது அதிகம் விளையும்?" என்பதன்று, "பூக்கும்போது காய்ந்தால் எது எவ்வளவு தரும்?" என்பதே.

அதற்காகக் குறுகிய வயது வித்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்போரும் உளர். நாம் அதற்கும் உடன்படோம். மழை முன்கூட்டி ஓயும் ஆண்டில் அது வெல்லும். நீடித்துப் பெய்யும் ஆண்டில் நீண்ட வயதுடையதே நாமக்கல் கோழித்தீவன வியாபாரிக்கு மிகுந்த மூட்டை கொடுக்கும். எவ்வாண்டு எவ்வாறு என்பதை ஆடியில் யார் அறிவார்? ஊர் முழுதும் ஒரே வித்தாயிருப்பதில் நோய் அச்சமும் உண்டு. 1970இல் அமெரிக்காவில், ஒரே தாய்வழிக் குணமுடைய வித்துகள் நாடெங்கும் பரவியிருந்த நிலையில், வெம்மையும் ஈரமும் கூடிய பருவத்தில் இலைக்கருகல் நோய் புகுந்து ஏறக்குறைய 15 சதவிகித விளைச்சலை அழித்தது.

மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் சலுகை போய்விடுமே என்று நிர்வாகிகள் கூறுவர். இரண்டு மூன்று வித்துகளாகப் பிரித்து வாங்கினால் சலுகை சிறிது குறையத்தான் செய்யும். அக்குறைவையும் ஓராண்டு நிலுவையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓர் அங்கத்தினரே தம் காட்டைப் பகுத்து, வயது வேறுபட்ட இரு வித்துகளை விதைப்பதற்கும் கடன் விதிகளில் தடையேதும் நாம் காணவில்லை. கடன் பணம் மழைக்கு முன்னரே கைக்குச் சேர வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. விதைப்பு பதினைந்து நாள் தள்ளினால் பூப்பதும் தள்ளிப்போய் மழை ஓயும் காலத்தில் விழும்.

அடுத்த ஆய்வுக்கு வரும்போது, ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு சிறு நோட்டைக் காண விரும்புகிறோம். வித்தின் பெயர், விதைத்த தேதி, இழை வந்த தேதி, மழை பெய்த நாட்கள், மூட்டைக் கணக்கு ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். சங்கத்தில் இடமில்லையெனில், பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினாலும் நாம் ஆட்சேபிக்கமாட்டோம்.