நோயுற்ற உடலும் நம் அயலானே

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாள்களாக நம் மேசையை விட்டு அகலவில்லை. எழுத்துகள் கோணலும் மாணலுமாகக் கிடந்தன. ஒரே மூச்சில் எழுதிய கடிதமன்று அது. நான்கு நாள் சிறுகச் சிறுக எழுதியதாக அச்சகோதரியே குறிப்பிட்டிருந்தார். அவருக்கு வயது 46. இரு பெண்மக்களின் தாய். ஆறு ஆண்டுகளாக முடக்குவாத நோயால் அவதியுறுகிறார்.

''காலையில் கண் விழித்தால் விரல்கள் மடங்குவதில்லை. ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் தம்ளரைப் பிடிக்க முடிகிறது. சின்னவளுக்குச் சடை பின்னிவிட என்னால் ஆகவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு அக்காளிடம் போகிறாள். பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூனிப்போகிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன். ஆண்டவர் தந்த சிலுவையை இறக்கிவைக்க நினைப்பது பாவமல்லவா? ஒன்றுக்கும் உதவாத இந்தக் கைகளைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.''

இக்கடிதத்தை வாசித்தபோது நம் நெஞ்சு நம்மையே குற்றஞ்சாட்டியது. நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற இடங்களில், ''எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்'' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துத் திரும்பியவர்கள்தாமே நாமும்! அவ்வார்த்தை பொய்யன்று. ஆயினும் மருந்தின் இடத்திலும் துணையின் இடத்திலும் அதை நாம் வைத்துவிட்டால், கேட்பவர் தோளில் இன்னொரு சுமையையே ஏற்றிவிடுகிறோம். இச்சகோதரியின் தோளில் அச்சுமையை ஏற்றியவர் யாரோ, நாம் அறியோம். நம்மைப் போன்ற ஒருவராகவே இருக்கக்கூடும்.

வலி நீங்க வேண்டுமென விரும்புவது பாவமா? கெத்சமனித் தோட்டத்தில் இயேசு முதலில் வேண்டியது என்ன? துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்பதையே. அதற்குப் பின்னரே தந்தையின் சித்தத்திற்குத் தம்மைக் கையளித்தார். அந்த இரவில் தம்மோடு விழித்திருக்குமாறு நண்பர்களையும் கேட்டுக்கொண்டார். புனித சின்னப்பரும் தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென ஒருமுறையன்று, மும்முறை மன்றாடினார். 1957ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மயக்க மருந்துத் துறை மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இதே வினாவுக்கு விடையளித்தார். வலியைத் தணிக்கும் மருந்தை மறுக்கும் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்பதே அவ்விடையின் சாரம். ஆகவே, சகோதரியே, மாத்திரை விழுங்குவதால் நீங்கள் சிலுவையை எறிந்துவிடவில்லை.

மேலும் உங்கள் நோயில் மருந்தை நிறுத்துவது வலியை மட்டும் வளர்ப்பதன்று. முடக்குவாதம், சரவாங்கி என்றெல்லாம் வழங்கும் இந்நோய் முதுமையால் வரும் மூட்டுத் தேய்மானமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நிலை தடுமாறி, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கும்; காலை வேளையில் நெடுநேரம் விறைத்திருக்கும். சிகிச்சையின்றி விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிப்போகும். அப்படிக் கோணிய விரலை எந்த மருந்தாலும் நேராக்க முடியாது.

இதனைத் தடுக்க இன்று மருந்துகள் உண்டு. அவற்றுள் முதன்மையாக வழங்கப்படுவது மெதோட்ரெக்சேட். அது வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து; நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்தாகும். உரிய காலங்களில் இரத்தப் பரிசோதனையும் தேவை. கருவுற்றிருப்போர் இதை உட்கொள்ளலாகாது. தாய்மையை எதிர்நோக்குவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோரும் நம்மிடையே உளர். அன்றைய வலி அடங்கும். பின்னர் முகம் வீங்கும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். ஆகவே நீங்களாக எதையும் மீண்டும் தொடங்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று மாதமாக நிறுத்தியிருப்பதையும் மறையாமற் சொல்லுங்கள்.

மருந்து நோயை அடக்கிய பின்னும் வலி ஓரளவு எஞ்சி நிற்பதுண்டு. இதையும் குடும்பத்தார் அறிதல் நலம். தீ அணைந்த பின்னும் ஓயாமல் அடிக்கும் கோயில் மணியைப் போல, நெடுங்காலம் வலியைச் சுமந்த நரம்புகள் சிறு தூண்டலுக்கும் பேரொலி எழுப்பப் பழகிவிடுகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்பர். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கெனத் தனியிடமே தரப்பட்டுள்ளது. எக்ஸ்ரே படத்தில் தெரியாத வலி பொய் வலியன்று. நேற்றுச் சிரித்துப் பேசியவர் இன்று எழ முடியாமற் கிடப்பதும் நடிப்பன்று.

இனி, இக்கடிதத்தில் நம்மை மிகவும் வருத்திய சொல்லுக்கு வருவோம். தம் கைகளைக் கண்டாலே வெறுப்பு என்கிறார் சகோதரி. அவரிடம் ஒன்று கேட்கிறோம். இதே நோய் உங்கள் உடன்பிறந்த தங்கைக்கு வந்திருந்தால் என்ன செய்வீர்கள்? அவளுடைய வீங்கிய விரல்களைப் பார்த்து, 'ஒன்றுக்கும் உதவாத கைகள்' என்பீர்களா? மாத்திரையைப் பிடுங்கி எறிவீர்களா? முழந்தாளிடவில்லை என்று கடிந்துகொள்வீர்களா? மாட்டீர்கள். வெந்நீர் வைத்து விரல்களை அதில் அமிழ்த்துவீர்கள். கஞ்சி ஆற்றித் தருவீர்கள். ''நீ படுத்திரு, நான் பார்த்துக்கொள்கிறேன்'' என்பீர்கள். தங்கைக்கு மறுக்காத இரக்கத்தை உங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

அயலானை அன்பு செய்யக் கட்டளையிட்ட ஆண்டவர், அந்த அன்புக்கு அளவுகோலாக வைத்தது நாம் நம்மீது கொள்ளும் அன்பையே. அளவுகோலை முறித்துப் போட்டுவிட்டு எதைக்கொண்டு அளப்போம்? தன்னை அன்பு செய்தல் என்றதும் தன்னலம், ஆடம்பரம் என்று நாம் அஞ்சிவிடுகிறோம். கண்ணாடி முன் நின்று தன்னை மெச்சிக்கொள்வதன்று அது. நோயுற்ற தன் உடலுக்கு நீதி செய்வதே அது. எரிக்கோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு குருவும் லேவியனும் விலகிச் சென்றனர். சமாரியன் ஒருவனே நின்று, எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். நம் சொந்த உடலே அப்படி வழியில் கிடக்கும்போது, நாமே விலகிச் செல்லலாமா?

'அப்படியானால் என் வேலைகளை யார் செய்வது? பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதும் ஒரு வாழ்வா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். இதே நோயுற்ற ஒருவரின் வாழ்வைச் சொல்கிறோம். பிரெஞ்சு நாட்டு ஓவியர் ரெனுவார் தமது ஐம்பதாம் வயதை ஒட்டி முடக்குவாதத்திற்கு ஆளானார். அந்நாளில் இன்றுள்ள மருந்துகள் ஏதுமில்லை. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிப்போயின. பின்னாளில் சக்கர நாற்காலியே கதியாயிற்று. தோல் புண்ணாகாதிருக்கத் துணியைச் சுற்றிய அக்கையில் பிறர் தூரிகையைப் பொருத்திக் கொடுப்பார்கள். எட்டாத உயரத்திலுள்ள பகுதியையும் உட்கார்ந்தபடியே தீட்டுவதற்காக, உருளைகளில் சுற்றி நகரும்படி திரைச்சீலையை அமைத்துக்கொண்டார். சிற்பம் செய்ய விரும்பியபோது, தம் எண்ணத்தைச் சொல்லி ஓர் இளஞ்சிற்பியின் கைகளால் அதை உருவாக்கினார். 1919இல் இறக்கும்வரை அவர் ஓவியம் தீட்டுவதை நிறுத்தவில்லை. பிறர் உதவியை இழிவென்று அவர் தள்ளியிருந்தால், அந்த இறுதி ஆண்டுகளின் ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

ஓவியரை விடுங்கள். தவக்காலத்து வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலையில் நாம் யாரைக் காண்கிறோம்? சீரேனே ஊராராகிய சீமோனை. உலகின் பாவங்களைச் சுமந்தவரே தம் சிலுவைக்கு இன்னொருவர் தோளை ஏற்றுக்கொண்டார். அடுத்த வீட்டு அக்காள் உங்கள் மகளுக்குச் சடை பின்னும்போது, உங்கள் வீட்டு வாசலில் ஐந்தாம் நிலை நடைபெறுகிறது. அதைக் கண்டு வெட்க வேண்டாம்.

அன்றாட வாழ்வுக்கும் சில சொல்வோம். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் செய்து முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது நம் பெண்களின் வழக்கம். நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்துங்கள். களைப்பு வருமுன் ஓய்வெடுங்கள். பாத்திரத்தை விரல்களால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள். கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் பிடிப்பது எளிது. வலிக்கிறதே என்று அசையாமலும் இருந்துவிடாதீர்கள். மருத்துவர் காட்டும் எளிய பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள். மனம் இருண்டு வாழ்வே வேண்டாமெனத் தோன்றினால், அதையும் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் உடனே சொல்லுங்கள். நெடுநாள் வலி உள்ளத்தையும் நோயுறச் செய்யும். அதற்கும் சிகிச்சை உண்டு.

கோயிலில் உட்கார்ந்திருப்பது பற்றிக் கவலை வேண்டாம். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற ஒழுங்கிலிருந்து முதியோரையும் நோயாளிகளையும் மட்டுமல்ல, அவர்களைப் பராமரிப்போரையும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விலக்கியிருக்கிறது. திருச்சபை உங்கள்பால் காட்டும் பரிவை நீங்களும் உங்கள்பால் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். 'நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?' என்னும் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். 'இன்று எப்படி இருக்கிறது? நான் எதைச் செய்யட்டும்?' என்று கேளுங்கள். காலையில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக் கொடுக்கக் கணவருக்குத் தெரியாதா? பதின்மூன்று வயது மகளுக்குத் தங்கையின் தலையை வாரத் தெரியாதா?

சகோதரியே, நான்கு நாள் வலியோடு இக்கடிதத்தை எழுதியவை அந்தக் கைகளே. பெற்ற மக்களைத் தாலாட்டியவையும், ஆறு ஆண்டுகளாக நோயோடு அடுப்பெரித்தவையும் அவைதாம். நாளைக் காலை வெந்நீரில் அவற்றை அமிழ்த்தும்போது வெறுப்போடு பார்க்காதீர்கள். வெகுதூரம் நடந்து களைத்து வீட்டுக்கு வந்த விருந்தினரின் பாதங்களைக் கழுவுவதுபோல், மெல்லக் கழுவிவிடுங்கள். அதுவும் செபமே. அடுத்த கடிதத்தை மகளைக்கொண்டு எழுதுவியுங்கள், காத்திருக்கிறோம்.