மூலம் என்று நினைத்த ரத்தம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த 'வீரசோழன்' ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. அங்கே 15 படுக்கைகள் இருந்தன. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து சேகரிக்க ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என எல்லாரும் இருந்தார்கள். இன்னாருக்கு இவ்வளவு நெல் என்ற கணக்கும் கல்லில் இருக்கிறது. நோயாளியைப் பேணுவது ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அந்தப் பொறுப்பில் இன்றும் நாம் பின்தங்கி நிற்கும் ஒரு நோய், பெருங்குடல் மற்றும் மலக்குடல் புற்றுநோய்.

தமிழகத்தின் புற்றுநோய் மருத்துவ வரலாறு தொடங்குவதே இந்த நோயில்தான். 1920-களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய மருத்துவராக இருந்தும், சொந்தத் தங்கையைக் காப்பாற்ற அவர் கையில் எதுவும் இல்லை. 1925-இல் லண்டன் சென்ற அவர், அங்குள்ள ராயல் கேன்சர் மருத்துவமனையில் இந்த நோயைப் பற்றிக் கற்றார். மலக்குடலை முழுவதுமாக அகற்றும் அறுவை சிகிச்சையை 1908-இல் உலகுக்கு விளக்கிய எர்னஸ்ட் மைல்ஸ் பணிபுரிந்த மருத்துவமனை அது. அந்த அறுவை சிகிச்சையில் தொடக்கத்தில் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களும் வயிற்றில் திறந்த வாய் வழியாக மலம் கழித்தபடியே மிச்ச வாழ்நாளைக் கழித்தார்கள். அன்றைக்கு இருந்த பெரிய நம்பிக்கை அதுதான்.

ஊர் திரும்பிய முத்துலட்சுமி, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

காஞ்சிபுரத்துக்கு இந்த வரலாறு வேறொரு மரணத்தின் வழியாக வந்தது. இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா, முதலமைச்சராக இருக்கும்போதே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறில் மறைந்தார். அதே ஆண்டில் அவர் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

அந்த 1969-இல், அண்ணா சிகிச்சை பெற்ற அதே நியூயார்க் நகரில் இன்னொன்றும் நடந்தது. ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள், மலவாய் வழியே வளையும் குழாய்க் கருவியைச் செலுத்தி, குடலுக்குள் வளர்ந்திருந்த சிறு கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்தார்கள். இன்று நாம் கொலோனோஸ்கோப்பி என்று சொல்லும் பரிசோதனை, சிகிச்சையாகவும் மாறியது அப்போதுதான். பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் 'பாலிப்' எனப்படும் சிறு முளையாகத் தொடங்குகின்றன. முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கின்றன. அதற்குள் எடுத்துவிட்டால் அந்த முளை புற்றாக மாறாது. ஒரு புற்றுநோய் நமக்கு இத்தனை ஆண்டு அவகாசம் கொடுப்பது அரிது.

அந்த அவகாசத்தை எப்படி வீணடிக்கிறோம் என்பதைக் காஞ்சியிலேயே காணலாம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து நெய்பவருக்கு மலத்தில் ரத்தம் வந்தால், வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் பதில் ஒன்றே: உட்கார்ந்த வேலை, உடம்புச் சூடு, மூலமாக இருக்கும். மோரும் வெந்தயமும் கொடுப்பார்கள். மூலம், பவுத்திரத்துக்கு அறுவை இல்லாமல் சிகிச்சை என்று சுவரெங்கும் விளம்பரம் இருக்கிறது. மூலமாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை. மூலத்துக்கும் ரத்தம் வரும், புற்றுக்கும் ரத்தம் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அங்கேதான் மாதங்கள் போய்விடுகின்றன.

கூலியும் தடுக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவைக்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் மற்றவருக்கும் அன்று வேலை இல்லை. பெண்களுக்கு வெட்கம் இன்னொரு தடை. 'அந்த இடத்தை' மருத்துவரிடம் காட்டுவதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று நினைக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர்.

ஆனால் முதல் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையுறை அணிந்த விரலால் மருத்துவர் ஒரு நிமிடம் சோதித்தால், எட்டும் தூரத்தில் இருக்கும் மலக்குடல் கட்டி தட்டுப்படும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் பரிசோதனைக்கு வீட்டிலிருந்தே சிறு மாதிரி கொண்டுவரலாம். ஆண் ஒருவருக்குக் காரணம் புரியாத ரத்தசோகை இருந்தால், இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் குடலையும் பார்க்க வேண்டும். மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும் அப்படியே.

சிகிச்சையும் மைல்ஸ் காலத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. மலக்குடல் கட்டியைக் கதிர்வீச்சாலும் மருந்தாலும் முதலில் சுருக்கிவிட்டு, பிறகு அறுக்கிறார்கள். பலருக்கு நிரந்தரமாக வயிற்றில் பை கட்டும் நிலையே வருவதில்லை. பை தேவைப்பட்டாலும் அதோடு வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முற்றுவதற்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

உலகில் ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் வருகிறது. ஜப்பான் 1992 முதலே நாடு முழுக்க 40 வயதைக் கடந்தவர்களுக்கு மலப் பரிசோதனை செய்து வருகிறது. இந்தியாவில் மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் நோய் விகிதம் இன்னும் குறைவு. அதனால், 30 வயதைக் கடந்தவர்களுக்கான நம் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றுள்ளன. எல்லாருக்கும் குடல் பரிசோதனை என்பது இன்றே நடக்கக்கூடியதல்ல என்பதை ஏற்கலாம். ஆனால் ரத்தம் வருகிறது என்று வாய்திறந்து சொன்னவரைச் சோதிக்காமல் அனுப்புவதை ஏற்க முடியாது.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தத் திட்டத்தின் ஊழியர் 'மலத்தில் ரத்தம் வருகிறதா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா' என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆம் என்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே விரல் பரிசோதனை நடக்கட்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்துக் கொடுக்கட்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அந்த ஒருநாள் கூலியை இருவருக்கும் ஈடுகட்டினால், தறியில் இருப்பவர் தயங்காமல் வருவார்.

தன் தங்கைக்குச் செய்ய முடியாததை ஊருக்குச் செய்ய முத்துலட்சுமிக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அன்று அவரிடம் இல்லாத மருத்துவம் இன்று காரப்பேட்டையில் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் வழியில் வீணாகும் மாதங்களைக் குறைப்பதே இந்தத் தலைமுறையின் வேலை.