தட்டில் கறி இருக்கணுமா? முடிவு யார் கையில்?

"தினமும் என்ன சாப்பிடலாம்?" என்று ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் 17 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அது ஆலோசனைதான். ராத்திரி நீங்க பிரியாணி ஆர்டர் பண்ணா யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால், சமைச்சுப் போடுவதே அரசு என்றால்?

லட்சத்தீவில் நடந்தது என்ன?

2021-ல் யூனியன் பிரதேச நிர்வாகம், பள்ளி மதிய உணவிலிருந்து கோழிக்கறியையும் இறைச்சியையும் நீக்கியது. மீனும் முட்டையும் தொடர்ந்தன. கறி வீட்டிலேயே கிடைக்கிறது, பழங்கள் சாப்பிடுவதுதான் குறைவு என்பது நிர்வாகத்தின் வாதம்.

கோர்ட் என்ன சொன்னது?

2022 மே மாதம், பழைய மெனுவே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2023 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. குழந்தைகள் எதைச் சாப்பிடணும் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல, அது நிர்வாகத்தின் கொள்கை முடிவு என்றது.

இதில் உங்களுக்கு என்ன?

கறி நல்லதா, கெட்டதா என்று டாக்டர்கள் விவாதிக்கட்டும். பிடிக்கலைன்னா நீங்க வேற கடைக்குப் போகலாம். மதிய உணவை நம்பி வரும் பிள்ளைக்கு வேற கடை இல்லை. கோர்ட்டும் தலையிடாது என்றால், மெனு போடுவதற்கு முன்பே பெற்றோரிடம் கேட்டாக வேண்டும்.