நலவாழ்வுப் பக்கம்: மணக்கும் கிறீமும் தழும்புத் தோலும்



வீட்டிலிருந்தே சவர்க்காரமும் கிறீமும் செய்து விற்கும் சகோதரிகள் சிலர், வாசனைக்குக் கறுவா எண்ணெய் விடலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். "மரத்திலிருந்து வாறதுதானே, இரசாயனம் இல்லையே" என்பது அவர்களின் நியாயம். சவர்க்காரத்துக்கு ஒரு பதிலும் கிறீமுக்கு வேறொரு பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலி, மாத்தறைப் பக்கம் விளையும் கறுவாவிலிருந்து இரண்டு எண்ணெய் எடுக்கிறார்கள். பட்டை எண்ணெயில் பெரும்பங்கு சின்னமல்டிகைட்டு என்ற பொருள்; கறுவாப்பட்டையின் மணம் அதனுடையது. இலை எண்ணெயில் பெரும்பங்கு இயூஜினோல். அது கராம்பிலும் இருப்பதால் இலை எண்ணெயை முகர்ந்தால் கராம்புதான் மணக்கும். பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் வைத்தவர்களுக்கு அது முரசை எப்படி எரிக்கும் என்று தெரியும்.

எரிவாவது உடனே தெரிந்துவிடும். ஒவ்வாமை அப்படியல்ல. முதல் நாள் பூசும்போது ஒன்றும் செய்யாது. பல நாள் பூசிய பின், உடல் அந்தப் பொருளைப் பகையாக எண்ணத் தொடங்கிவிடும். அதன்பின் கொஞ்சம் பூசினாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, கடித்து, சிறு கொப்பளம் போடும். பூசியதற்கும் கடிக்கும் இடையில் நாள் போவதால், பழி கத்தரிக்காயிலும் இறாலிலும்தான் விழும்! ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள்வரை நிற்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் 26 வாசனைப் பொருட்களை, குறித்த அளவுக்கு மேல் சேர்த்தால் பெயரை வெளியே எழுத வேண்டும் என்று சட்டமாக்கியது. இவை இரண்டும் அதில் உண்டு. 2023 இல் பட்டியல் 80 ஐத் தாண்டியது. தோலில் தங்கும் கிறீமுக்கு அந்த அளவு 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்தான். பட்டை எண்ணெய் ஒரு துளி விழுந்தாலே அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

எங்கள் பெண்களில் எத்தனை பேர் எரிகாயத் தழும்போடும் செல்துண்டு பட்ட வடுவோடும் வாழ்கிறார்கள்! எரிந்து ஆறிய தோல் வரண்டது, எளிதில் வெடிப்பது. தோல் ஒட்டிய இடத்தில் எண்ணெய்ச் சுரப்பியும் இராது. வெடித்த தோலால் இந்தப் பொருட்கள் இலகுவாக உள்ளே போகும். ஆகவே தழும்புக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். மணமில்லாத வஸலீன் போதும்.

கிறீம் செய்பவர்களும் வாசனை சேர்க்காமலே செய்யுங்கள். மணமில்லாததை யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். "வாசனை சேர்க்காதது" என்று டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். கடியால் பட்டுத் தெளிந்தவர்கள் தேடி வாங்குவார்கள். சவர்க்காரம் கழுவுப்பட்டுப் போவதால் பயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. விடுவதானால் துளிக் கணக்கில் விடாமல் தராசில் நிறுத்து, மிகக் குறைவாகவே விடுங்கள். உறையில் எண்ணெயின் பெயரை எழுதுங்கள். கறுவா, கராம்பு எண்ணெய் விழுந்தால் கலவை சட்டென்று இறுகுவதும் உண்டு, கவனம்.

வாங்குபவர்கள் புதிய கிறீமை முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். கடித்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். கொப்பளம் போட்டாலோ முகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.