ஈறு நோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டதா?

ஈறு நோய்க்குத் தடுப்பூசி வரவுள்ளதால் பல் சுத்தம் செய்துகொள்வதைத் தள்ளிப்போடலாமா எனக் காரைக்கால் பகுதி நோயாளிகள் சிலர் வினவுகின்றனர். தள்ளிப்போடக் கூடாது. அதற்கான காரணங்களை அறிந்துகொள்ளுங்கள்.

ஆய்வில் கண்டது என்ன?

ஈறு நோயில் முக்கியப் பங்கு வகிப்பது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா. அதன் ஜிஞ்ஜிபேன் நொதிகள் ஈற்றுத் திசுவைச் சிதைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நொதிகளுக்கு எதிராக உருவாக்கிய தடுப்பூசி, நோய்த்தொற்று ஏற்படுத்தப்பட்ட சுண்டெலிகளில் பல்லைத் தாங்கும் எலும்பின் இழப்பைக் குறைத்தது. இம்முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

துணைப்பொருள் எதற்கு?

தூய்மைப்படுத்திய புரதத்தை மட்டும் செலுத்தினால் நோய் எதிர்ப்பாற்றல் போதிய அளவு தூண்டப்படுவதில்லை. ஆகவே அட்ஜுவன்ட் எனப்படும் துணைப்பொருள் சேர்க்கப்படுகிறது. அலுமினிய உப்புகள் இவ்வகையின. குழந்தைகளுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியிலும் அவை உள்ளன. துணைப்பொருள் மாறினால், உடலில் உருவாகும் எதிர்ப்பொருளின் வகையும் அளவும் மாறும். எனவேதான் அவற்றை முதலில் விலங்குகளில் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கோவாக்சினில் சேர்க்கப்பட்ட துணைப்பொருளும் எலி, முயல் ஆகியவற்றில் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதருக்குச் சென்றது.

எலியில் வென்றது மனிதரிலும் வெல்லுமா?

உறுதியாகக் கூற இயலாது. விலங்கு ஆய்வுகளில் பயன்படும் சில எண்ணெய் வகைத் துணைப்பொருள்கள் வலுவான எதிர்ப்பாற்றலைத் தந்தாலும், ஊசி போட்ட இடத்தில் கட்டியும் புண்ணும் உண்டாக்குவதால் மனிதருக்கு ஏற்றவையல்ல. மேலும், ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக்கு நோயைச் சில வாரங்களில் உண்டாக்குகின்றனர். மனிதரிலோ பல வகை பாக்டீரியாக்கள், புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவை கூடிப் பல ஆண்டுகளில் நோயை வளர்க்கின்றன. ஈறு நோய்க்கான தடுப்பூசி எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பைக் கூட்டக்கூடும்.

• பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தாலோ, வாய் துர்நாற்றம் நீடித்தாலோ, பல் ஆடினாலோ உடனே பல் மருத்துவரை அணுகுங்கள்.

• பல் சுத்தம் செய்வதால் பற்கள் தளர்ந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. எலும்பு ஏற்கெனவே கரைந்திருப்பதே ஆட்டத்திற்குக் காரணம். காரையை நீக்கிய பின்னர் அது வெளிப்படையாகத் தெரிகிறது.

• சர்க்கரை நோயாளிகள் ஈறுகளையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.

• செங்கல் தூள், கரி, சாம்பல் ஆகியவற்றால் பல் துலக்காதீர்கள். வெற்றிலையுடன் புகையிலை சேர்ப்பதைக் கைவிடுங்கள்.

• படுக்கையிலுள்ள முதியோரைப் பராமரிப்போர், நாள்தோறும் இருமுறை மென்மையான தூரிகையால் அவர்களது பற்களைத் துலக்கிவிடுங்கள்.