கூடை பத்தடி உயரம்

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கிக் கல்லூரிப் பக்கம் நடக்கிறவர்கள் மாலை வேளையில் ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். சிமெண்டுத் தரையில் பந்து குதிக்கும் சத்தம். அதைக் கேட்க டிக்கெட் கிடையாது. அதே சத்தத்தை டொராண்டோ நகரத்தில் கேட்பதற்கு நானும் என் ஒன்றுவிட்ட அண்ணனும் கொடுத்த டாலரை ரூபாயாக மாற்றிச் சொன்னால் என் அக்காவுக்கு மயக்கம் வரும். ஆகையால் சொல்லப் போவதில்லை.

கானடாவில் நான் ஒரு வருஷம் தங்கியிருந்த சமயம் அது. அண்ணன் வீடு ஸ்கார்பரோவில். வெளியே பனி கொட்டுகிறது. கென்னடி ஸ்டேஷனில் பாதாள ரயில் ஏறி, வழியில் ஒரு முறை மாறி, யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம். மைதானத்துக்குள் வெளிச் சாப்பாடு செல்லாது என்று அண்ணன் எச்சரித்ததால், அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரையை ஸ்டேஷன் பெஞ்சிலேயே தீர்த்துவிட்டு உள்ளே போனோம்.

அடேயப்பா! ஏறத்தாழ இருபதாயிரம் ஜனங்கள்! எங்கள் ஆசனமோ கூரைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் ஏழடி மனிதர்கள் எல்லோரும் கொலு பொம்மைகள்தான். உள்ளூர்க் கோஷ்டிக்கு ராப்டர்ஸ் என்று பெயர். எதிர்க் கோஷ்டி நியூயார்க்.

இந்த ஜோடிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. இன்று என்.பி.ஏ. என்று உலகமெல்லாம் சொல்லும் தொழில்முறைப் பந்தயங்களில் முதலாவது, 1946 நவம்பர் 1-ந் தேதி இதே டொராண்டோவில்தான் நடந்தது. அப்போது ஆடியது ஹஸ்கீஸ் என்ற பழைய கோஷ்டி. நியூயார்க் 68-க்கு 66 என்று ஜெயித்தது. கூட்டம் சேர்ப்பதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள்: உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் ஆறடி எட்டு அங்குலம், அவரைவிட உயரமானவர்களுக்கு டிக்கெட் இனாம்! நம் ஊரில் இப்படி விளம்பரம் செய்தால் நஷ்டமே வராது.

ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தும் கானடாக்காரரே. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில், பனிக்காலத்தில் பையன்களை அடக்கி வைக்க ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. பீச் பழக்கூடைகள் இரண்டை மாடி வராந்தாக் கட்டையில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கட்டை பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் கூடை பத்தடிதான், டொராண்டோவிலும் பொத்தேரியிலும். அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனம் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்த்திருக்கலாம்.

கூடைக்கு மேலே ஒரு கடிகாரம் இருபத்துநாலிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் பந்தை எறிந்தாக வேண்டும். முன்பெல்லாம் கொஞ்சம் முந்திவிட்ட கோஷ்டி பந்தை வைத்துக்கொண்டு எறியாமலே காலம் கடத்துமாம். 1950-ல் ஓர் ஆட்டம் 19-க்கு 18 என்று முடிந்தது! காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? நல்ல ஆட்டம் ஒன்றில் இரு தரப்பும் சேர்ந்து நூற்றிருபது முறை எறிகிறார்கள், ஆட்டமோ 2,880 விநாடி என்று கணக்குப் பண்ணி, 1954-ல் இந்த இருபத்துநாலைக் கொண்டுவந்தார்கள். நம் சில மேடைப் பிரசங்கங்களுக்கும் ஒரு கடிகாரம் வைக்கலாம்.

கூடைக்கு அருகில் தலைப்பாகைக்காரர் ஒருவர் துள்ளிக்கொண்டிருந்தார். நவ் பாட்டியா என்ற சீக்கியர். 1984-ல் கானடா வந்து, கார் விற்று முன்னுக்கு வந்தவர். 1995-ல் ராப்டர்ஸ் பிறந்த நாளிலிருந்து அவர்கள் பந்தயத்துக்கு வழக்கமாக வருகிறவர். 2019-ல் அவர்கள் சாம்பியன் ஆனபோது அவருக்கும் மோதிரம் போட்டார்கள். “நம்ம ஆளுக்கு வேடிக்கை பார்ப்பதில்தான் முதலிடம்” என்றார் அண்ணன். சிரித்தேன், ஆனால் அந்தச் சொல் மனத்தில் தைத்தது.

காரணம், ஊரில் என் அக்காள் பெண். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பந்தைக் கீழே வைக்க மாட்டாள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வேண்டும் என்கிறாள். அக்காவுக்கோ கணக்குப் படிப்பு. போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்: “நேரில் பார்த்தவனாச்சே, சொல்லுடா தம்பி. பந்து சோறு போடுமா?”

சொன்னேன். 2015-ல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லஸ் கோஷ்டி தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவர்தான் முதல்வர். என்றாலும் என்.பி.ஏ. பந்தயம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. கீது அன்னா ஜோஸ், நம் தெற்கு ரயில்வேக்காரர், ஆஸ்திரேலியாவில் ஆடியவர். 2011-ல் அமெரிக்காவில் மூன்று பெண்கள் கோஷ்டிகளில் பரீட்சை கொடுத்தார். ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் ரயில்வே உத்தியோகம் கையில் இருந்தது. சென்னையின் அனிதா பால்துரையும் ரயில்வேதான். இந்தியக் கோஷ்டிக்குத் தலைவியாக இருந்தவர், தாயான பிறகும் களத்துக்கு வந்தார், 2021-ல் பத்மஸ்ரீ.

“அப்படியானால் ரயில்வே சோறு போடும், பந்து போடாது. அவ்வளவுதானே?” என்றாள் அக்கா.

“பந்து இல்லாமல் ரயில்வே கூப்பிட்டிருக்காதே!”

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது: “மாமா, டொராண்டோவில் பெண்கள் கோஷ்டி கிடையாதா?”

2024-லேயே ஒன்றை அறிவித்துவிட்டார்கள் என்றேன். அக்கா என்னை முறைத்தாள். விண்ணப்பத் தாள் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. அத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.