தறிக்கூடத்துச் சப்தமும் பத்துப் பேர் கணக்கும்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கோதண்டராமரைத் தரிசிக்க அயோத்தியாப்பட்டணத்துக்கு வருகிற யாத்திரிகர்களுக்கு இது சாந்தமான ஊராகத் தோன்றக்கூடும். ஆனால் தறி ஓடும் சந்துக்குள் நுழைந்து பத்தடி நடப்பவர், பேசிக்கொண்டு வந்த பேச்சைப் பாதியில் விட்டு, மீதியைக் கைச்சாடையால் சொல்ல நேரும். அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும், காவிரிக் கரையிலுள்ள குமாரபாளையம் பள்ளிபாளையத்திலும் இதே கதைதான். முன்கட்டில் நான்கு விசைத்தறி, பின்கட்டில் குடித்தனம் என்று வாழும் வீடுகளில், தொட்டில் குழந்தைக்கும் அந்தச் சப்தத்தில் பங்கு உண்டு.

என் அண்டை வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூலிக்குத் தறி ஓட்டியவர். அவரைச் செவிடர் என்று எவரும் சொல்லார். இடி இடித்தால் கேட்கிறது, பஸ் வந்தால் ஒதுங்குகிறார். ஆனால் பேத்தி ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் அவருக்கு ஒன்றே. இரைச்சலால் வரும் செவிக்கேடு முதலில் 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து உயர்ந்த ஒலிகளைத் தின்றுவிடுகிறபடியால், ஓசை காதில் விழுந்தும் சொல் விளங்குவதில்லை. உட்செவியில் மடிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மறுபடி முளைப்பதுமில்லை. லங்காஷயர் ஆலைகளில் நெசவுப் பெண்கள் உதட்டசைவைக் கொண்டே பேசப் பழகியிருந்தார்கள் என்று படிக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. நம் தெருவில் காணும்போது அப்படி இல்லை.

சட்டம் இதை அறியாததன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பையும் சேர்த்திருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அதைத் தொழில் நோயாகவே ஏற்றிருந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு மாதிரி விதியின் வரம்பு. 100 டெசிபலானால் இரண்டே மணி நேரம். நாடாவைக் கட்டை இருபுறமும் மாறி மாறி அடிக்கும் தறிக்கூடமோ தொண்ணூறை எளிதில் கடக்கிறது, அங்கே ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். ஆயினும் மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டமோ அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. இரண்டு பேர் எட்டுத் தறி ஓட்டும் கூடத்துக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வர வேண்டியதில்லை. சப்தத்துக்குத் தலை எண்ணத் தெரியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கூடங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது சிரமம் என்பார்கள் தங்கள் உத்தியோகஸ்தர்கள். இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் பெறும் விசைத்தறிகளின் கணக்கு மின்வாரியத்தில் இருக்கிறது. சலுகைக்குக் கிடைக்கும் விலாசம் பரிசோதனைக்கு மட்டும் ஏன் கிடைக்காமல் போக வேண்டும்? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒலியளவுமானியுடன் கூடங்களுக்குச் சென்று அளந்து, கண்ட எண்ணை வாசலில் எழுதிவைக்கச் செய்யுங்கள். 2021 முதல் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஷிப்டு முடிந்த கையோடு சோதித்தால் தற்காலிக மந்தமும் கணக்கில் கலந்துவிடுமாதலால், வார விடுமுறைக்கு மறுநாள் காலையில், தறியில் ஏறுமுன் அதைச் செய்வதே முறை.

பரிகாரங்களும் எட்டாதவை அல்ல. நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தால் உரிய காலத்தில் மாற்றலாம். தறியின் காலடியில் ரப்பர் வைக்கலாம். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் திருப்பியெறிகிற ஒலியை உறிஞ்சத் தேங்காய் நார்ப் பாய் கட்டலாம். எட்டுத் தறியில் நான்கை நிறுத்தினாலும் மூன்று டெசிபல்தான் குறையும் என்பதால், ஒன்றிரண்டு தறிகளை நிறுத்துவதில் பெரிய பிரயோஜனமில்லை. காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளும் வழக்கம் மனத்துக்கு ஆறுதல், செவிக்கு அன்று. தரமான செவியடைப்பான்களை இலவசமாகக் கொடுத்து, போட்டுக்கொள்ளும் விதத்தையும் காட்ட வேண்டும்.

செவிப் பரிசோதனையின் முதல் முகாம் எங்கள் ஊரில் நடந்தால், அண்டை வீட்டுப் பெரியவரை அழைத்து வருவது என் பொறுப்பு. அவர் பெயரைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாமென்று மட்டும் தங்கள் ஊழியர்களிடம் சொல்லிவைக்க வேண்டுகிறேன். முகம் தெரியும்படி எதிரே நின்றுதான் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
அயோத்தியாப்பட்டணத்து வாசி ஒருவன்